அமலமும் களங்கமும்: மரியாளைக் குறித்த ஒரு பழைய வழக்கு

அவிநாசிக்கும் சூலூருக்கும் இடையே, விசைத்தறி ஓசை ஓயாத ஊர்களின் நடுவில் இருக்கிறது கருமத்தம்பட்டி. அங்குள்ள செபமாலை மாதா கோவில் 1640-ஐ ஒட்டித் தோன்றியது என்பது ஆலய மரபு. கொங்கு நாட்டின் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்றான இது, 2019-இல் பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது. இதே கொங்கு நாட்டில் 1830 முதல் சீர்திருத்தச் சபையும் வேரூன்றியது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆடிஸ் என்னும் போதகர் அவ்வாண்டில் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். அந்த மரபு இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தில் தொடர்கிறது.

இவ்விரு சபையாரும் இன்று திருப்பூரில் பக்கம் பக்கமாக வாழ்கின்றனர். தென் மாவட்டங்களிலிருந்து பனியன் தொழிலை நாடி வந்த கிறித்தவக் குடும்பங்களும் இவர்களோடு கலந்தன. ஒரே கம்பெனியில் ஒருவர் கட்டிங்கில் நிற்க, மற்றவர் பவர் டேபிளில் அமர்கிறார். ஒரே காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறார்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்னும் பிரிவு அங்கெல்லாம் குறுக்கே நிற்பதில்லை. பெண் கொடுக்கும் பேச்சு எழும்போதுதான் அது எட்டிப் பார்க்கிறது. "மாதாவைக் கும்பிடுவீர்களா?" என்று ஒரு வீட்டார் கேட்க, "அவரும் நம்மைப் போல ஒரு மனுஷிதானே?" என்று மறு வீட்டார் விடை கூற, பேச்சு அங்கேயே தடுமாறிவிடுகிறது.

இந்தக் கேள்விக்கும் விடைக்கும் அடியில் கிடப்பது பல நூற்றாண்டு பழைய வழக்கு ஒன்று: இயேசுவின் தாய் பாவமே அற்றவரா? இவ்வழக்கின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம். அத்துடன், இது தமிழுக்குள் நுழைந்தபோது தமிழ்ச் சொற்களின் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது என்பதையும் காட்ட முயல்வோம்.

எது வழக்கு, எது வழக்கன்று

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். 'அமலோற்பவம்' என்னும் சொல்லைக் கேட்டதும், அது இயேசு ஆண் துணையின்றிக் கருவானதைக் குறிக்கிறது என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இயேசு கன்னியிடம் பிறந்தார் என்பதைக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருங்கே அறிக்கையிடுகின்றனர். அமலோற்பவம் என்பது மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவானதைப் பற்றியது. மரபு அத்தாய்க்கு அன்னாள் என்று பெயர் தருகிறது. மரியாள் மற்றவரைப் போலவே பெற்றோர் இருவருக்கும் பிறந்தவர். ஆயினும் ஆதாமின் வழியாக எல்லா மாந்தரையும் பற்றும் சென்மப் பாவம் அவரைக் கருவான கணம் முதலே பற்றவில்லை என்பது கத்தோலிக்கரின் கோட்பாடு. வாழ்நாள் முழுதும் அவர் தாமாகவும் பாவம் செய்யவில்லை என்பது அதன் மறுபாதி. டிசம்பர் 8 இதன் திருநாள். அதிலிருந்து சரியாக ஒன்பது திங்கள் கடந்து செப்டம்பர் 8 மரியாளின் பிறந்தநாள். வேளாங்கண்ணியின் பெருவிழா அந்நாளில் நிறைவுறுவதை நாமெல்லாரும் அறிவோம்.

சீர்திருத்தச் சபையார் எழுப்பும் தடை எளியது, வலியதும் கூட. எல்லாரும் பாவம் செய்தவர் என்று பவுல் உரோமருக்கு எழுதிய மடலின் மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. பாவமற்றவர் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்வது கிறிஸ்து ஒருவரையே. மரியாளோ லூக்கா முதல் அதிகாரத்தில் இறைவனைத் தம் மீட்பர் என்றே பாடுகிறார். மீட்பர் தேவைப்பட்டவர் பாவமற்றவராதல் எப்படி?

கத்தோலிக்கருக்குள்ளேயே நடந்த வழக்கு

இந்தத் தடையை முதலில் எழுப்பியவர்கள் சீர்திருத்தக்காரர்கள் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மரியாளின் கருவாதலுக்கென ஒரு திருநாளை லியோன் நகரக் குருக்கள் கொண்டாடியபோது, அதைக் கண்டித்து 1140-ஐ ஒட்டி மடல் எழுதியவர் புனித பெர்னார்து. மரியாளின் மீது அவர் கொண்ட பத்தி உலகறிந்தது. 1274-இல் மறைந்த தாமஸ் அக்குவினாசும் இக்கோட்பாட்டை ஏற்கவில்லை. மரியாளுக்குச் சென்மப் பாவமே இல்லையெனில் கிறிஸ்து அவரை எதிலிருந்து மீட்டார் என்பதே அவருடைய கேள்வி. திருப்பூர் வீட்டார் இன்று கேட்பதும் இதே கேள்விதான்.

விடை அளித்தவர் பிரான்சிஸ்கு சபைத் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். அவர் 1308-இல் மறைந்தார். விழுந்தபின் தூக்கிவிடுவதும் மீட்பு. விழாமல் தாங்கிக்கொள்வதும் மீட்பு. இரண்டாவதே மேலான மீட்பு என்பது அவர் வாதத்தின் சாரம். நம் ஊர்த் தொழிலை வைத்துச் சொன்னால் இன்னும் எளிது. எண்ணெய்க் கறை பட்ட துணியைச் செக்கிங்கில் பிடித்துக் கறை நீக்குவது ஒரு வகை. தறியிலேயே, நிட்டிங் எந்திரத்திலேயே கறை படாமல் காப்பது இன்னொரு வகை. காக்கப்பட்ட துணிக்கும் காத்தவர் ஒருவர் உண்டு. தன் வெண்மைக்குத் தானே காரணம் என்று அது சொல்ல முடியாது. கிறிஸ்துவின் பலன் காலத்தை முந்திச் சென்று தாயைக் காத்தது என்றார் ஸ்கோட்டஸ்.

பிரான்சிஸ்கு சபையார் இதை ஏற்க, தொமினிக்கு சபையார் மறுக்க, இரு துறவறத்தாரிடையே பூசல் முற்றியது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பதிதர் என்று தூற்றலாகாது என 1483-இல் நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் ஆணையிட வேண்டியதாயிற்று. 1546-இல் திரெந்துப் பொதுச்சங்கம் சென்மப் பாவத்தைப் பற்றி வகுத்த விதியில், மரியாளை அதில் உட்படுத்துவது தன் கருத்தன்று என்று மட்டும் கூறி நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டில், வாழ்நாள் முழுதும் எல்லாப் பாவத்தையும் தவிர்த்தல் சிறப்புச் சலுகையின்றி யார்க்கும் இயலாது என்றும், அச்சலுகை மரியாளுக்கு உண்டெனத் திருச்சபை கொள்கிறது என்றும் கூறியது. சென்மப் பாவத்தைப் பற்றிய கேள்வி அப்போதும் முற்றாக மூடப்படவில்லை.

லூத்தரின் கேலி

வழக்கின் வேர்களுள் ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. லூக்கா 1:28-இல் வானதூதர் மரியாளை அழைக்கும் கிரேக்கச் சொல் 'கெகரித்தோமெனே'. அருள் என்னும் பெயரிலிருந்து பிறந்த வினையின் செயப்பாட்டு எச்சம் அது; முன்பே நிகழ்ந்து, பயன் இன்றும் நிற்பதைக் காட்டுவது. இலத்தீன் வேதாகமம் இதை 'அருள் நிறைந்தவள்' என்னும் பொருள்படப் பெயர்த்தது. நிறைந்த இடத்தில் பாவத்துக்கு இடமேது என்று அதன்மேல் வாதம் எழுந்தது.

1522-இல் செர்மானிய மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட லூத்தர் இந்த 'நிறைந்த' என்பதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி 1530-இல் அவர் எழுதிய திறந்த மடலில், அப்படிச் சொன்னால் பீர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையுமே எங்கள் ஊரார் நினைவுக்கு வரும் என்று கேலி செய்தார். ஆயினும் லூத்தர் மரியாளை இழித்தவர் அல்லர். 1521-இல் மரியாளின் பாடலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை பத்தி ததும்புவது. கால்வினோ இன்னும் ஒரு படி அப்பால் சென்றார். இயேசு மக்களுக்குப் போதிக்கும்போது தாயும் உறவினரும் வெளியே நின்று அழைத்த நிகழ்ச்சிக்கு உரை எழுதுகையில், இடையில் குறுக்கிட்ட தாயின் செயலில் குற்றம் கண்டார். கோயம்புத்தூருக்கு வந்த இலண்டன் மிஷன் பெரிதும் இந்தக் கால்வினிய மரபில் வளர்ந்த சபைகளின் சங்கம் என்பதை நினைவிற் கொள்வோம்.

தரங்கம்பாடியும் ஏலாக்குறிச்சியும்

தமிழ் மண்ணில் இரு சபைகளின் எழுத்துப் போர் காவிரிக் கரையில் தொடங்கியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். உள்நாட்டில் ஏலாக்குறிச்சியை இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1728-இல் 'வேத விளக்கம்' எழுதி லூத்தரின் சபையாரை மறுத்தார். அவர்கள் 'திருச்சபை பேதகம்' வெளியிட, அவர் 'பேதகமறுத்தல்' எழுதினார். செர்மானியத்தில் கத்தோலிக்கரின் சொல்லை லூத்தர் கேலி செய்தார். தமிழிலோ லூத்தரின் வழிவந்தோரது வேதாகம நடையை வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார். கோட்பாட்டுச் சண்டையும் சொற்சண்டையும் இரட்டைப் பிள்ளைகளாகவே வளர்ந்தன.

இங்கே ஒன்று கருதத்தக்கது. வீரமாமுனிவர் எழுதிய காலத்தில் அமலோற்பவம் கட்டாய விசுவாசக் கோட்பாடு ஆகியிருக்கவில்லை. இயேசு சபையார் அதை உறுதியாக ஆதரித்தனர் என்பது உண்மை. ஆனால் மறுத்தவன் பதிதன் என்னும் நிலை அப்போது இல்லை. அந்தக் கதவு அடைபட இன்னும் 126 ஆண்டுகள் இருந்தன.

அதே முனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். சிவாலயங்கள் பலவற்றில் அம்மன் தாங்கும் பெயர் அது. மாதாவைத் தமிழ்த் தாயாக்கிய அச்செயலின் அழகை இலக்கிய அன்பர் எவரும் மறுக்கார். ஆனால் தரங்கம்பாடிக் காதுகளில் அது வேறாக ஒலித்திருக்கும் என்பதையும் நாம் உணர வேண்டும்.

கருமத்தம்பட்டியில் ஓர் ஆயர்

1846-இல் கோயம்புத்தூர்ப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மறைப்பகுதியானது. அதன் தலைவரான மரியோன் பிரெசில்லாக், பாரீசு வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குரு. அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோயம்புத்தூர் நகரில் இலண்டன் மிஷன் அப்போது பதினாறு ஆண்டுகளைக் கடந்திருந்தது.

1849 பிப்ரவரியில் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் உலக ஆயர்களுக்கெல்லாம் சுற்றுமடல் விடுத்து, அமலோற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கலாமா என்று வினவினார். விடையளித்த 603 ஆயர்களுள் 546 பேர் இசைந்தனர். 1854 டிசம்பர் 8 அன்று பிரகடனம் வெளிவந்தது. மீட்பரான கிறிஸ்துவின் பலன்களை முன்னிட்டு மரியாள் காக்கப்பட்டார் என்பதே அதன் அச்சாணி. ஸ்கோட்டசின் பழைய விடை ஐந்தரை நூற்றாண்டு கழித்துத் திருச்சபையின் விடையாயிற்று.

உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையே தம் முதற்பணியாகக் கொண்ட பிரெசில்லாக், சாதி ஆசாரங்களை எவ்வளவு ஏற்கலாம் என்பதில் உடன் பணியாளரோடு முரண்பட்டுப் பதவி துறந்தார். 1855-இல் அது ஏற்கப்பட்டது. மறு ஆண்டு லியோன் நகரின் ஃபூர்வியேர் மாதா கோவிலில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவ அவர் தேர்ந்த நாள் டிசம்பர் 8. பெர்னார்து கண்டித்த திருநாளை அன்று கொண்டாடிய அதே லியோன்! 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் அவர் காய்ச்சலுக்கு இரையானார்.

இடையில் 1858-இல் லூர்து நகரில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி கண்ட காட்சி, கோட்பாட்டை நூலகத்திலிருந்து வீதிக்குக் கொண்டுவந்தது. காட்சியில் தோன்றிய பெண்மணி தம்மை அமலோற்பவம் என்றே கூறிக்கொண்டதாக அச்சிறுமி தெரிவித்தாள். இன்று நம் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் வளாகங்களில் காணும் லூர்து கெபிகள் அவள் சொல்லின் கல் வடிவங்களே.

பிரகடனம் சீர்திருத்தச் சபையாரின் தடையை இரட்டிப்பாக்கியது. வேதத்தில் வெளிப்படையான ஆதாரம் இல்லாத ஒன்றைப் பாப்பரசர் ஒருவர் கட்டாயமாக்கலாமா என்பது இரண்டாம் கேள்வி. 1870-இல் பாப்பரசரின் தவறாவரம் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதும் அக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. மரியாள் பாவமற்றவரா என்பது, அதை முடிவு செய்பவர் யார் என்பதாக மாறிற்று.

தமிழ்ச் சொற்களின் சுமை

இனி நம் தனி வழக்குக்கு வருவோம். 'அமலம்' என்பது மலமின்மை. கொங்கு நாடு சைவ நாடு. இங்கே மலம் என்பது வெறும் அழுக்கன்று. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் செம்பிற் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டு நிற்பது. இயல்பாகவே மலமற்றவன் இறைவன் ஒருவனே. அமலன், நின்மலன் என்பன அவன் பெயர்கள். வைணவத்திலும் திருப்பாணாழ்வாரின் பாசுரம் 'அமலன்' என்றே தொடங்கும். இலத்தீனில் 'கறையற்ற' என்று மட்டும் பொருள்பட்ட சொல், தமிழில் 'அமல' என்று ஆனபோது இறைவனுக்குரிய உடையை மரியாளுக்கு உடுத்திவிட்டது. கத்தோலிக்கரின் போதனையில் மரியாள் படைக்கப்பட்டவர். இயல்பாலன்றி அருளால் காக்கப்பட்டவர். ஆனால் அந்நுட்பத்தைச் சொல் தாங்கவில்லை. 'தேவியாக்கிவிட்டார்கள்' என்று சீர்திருத்தச் சபையார் மருண்டதில் இச்சொல்லுக்கும் பங்குண்டு.

மறுபுறம் நோக்குவோம். 'மரியாளும் பாவியே' என்று சீர்திருத்தச் சபையார் சொல்லும்போது, ஆதாமின் மக்கள் அனைவருக்கும் பொதுவான நிலையையே கருதுகின்றனர். கேட்கும் தமிழ்ச் செவியில் விழுவதோ வேறு. ஆடவனைப் பாவி என்றால் பல பொருள். ஒரு பெண்ணைக் 'களங்கமுற்றவள்' என்றால் நம் சமூகத்தில் ஒரே பொருள். அது அவள் கற்பின்மேல் வீசும் சொல். தம் தாயின் நடத்தையை இகழ்ந்ததாகவே கத்தோலிக்கர் கொதிக்கின்றனர். மரியாளின் கன்னிமையில் இயேசு பிறந்தார் என்பதை விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் சபையாருக்கு அந்தக் கொதிப்பின் காரணமே விளங்குவதில்லை.

ஒரு சொல் மரியாளை மிக உயர்த்தியது. மற்றொரு சொல் மிகத் தாழ்த்தியது. இரு தரப்பாரும் மறுதரப்பு சொல்லாத ஒன்றைக் கேட்டு வருந்தினர். வழக்கில் பாதி கோட்பாடு. மறுபாதி தமிழ்க் காது.

மூன்றாவது ஒரு சொல்லும் உண்டு. பழைய கத்தோலிக்கச் செபத்தில் அருள் 'பிரியதத்தம்' எனப்பட்டது; அன்பாற் கொடுக்கப்பட்டது என்பது பொருள். மரியாள் அதனாற் 'பூரண'மானவர். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமம் 'கிருபை பெற்றவளே' என்றது. 1995-இல் இரு சபை அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அருள்மிகப் பெற்றவரே' என்கிறது. இதில் 'நிறைந்த' என்பது இல்லை, 'மிக' உண்டு. 'பெற்ற' என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன. '-அளே' என்பது '-அரே' ஆயிற்று. கிரேக்கத்துக்கு இம்மரியாதை விகுதி தெரியாது. தமிழுக்கோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒருமையில் அழைப்பது தம் தாயைக் குறைப்பதாகக் கத்தோலிக்கர் வருந்தியிருந்தால், அந்த வருத்தமும் தமிழ் தந்ததே.

எஞ்சியிருப்பது

இவற்றையெல்லாம் நீக்கிய பின்னும் உண்மையான வேறுபாடு எஞ்சியிருக்கிறது; அதை மழுப்புவது முறையன்று. மரியாள் அருள் பெற்றவர் என்பதில் இருவரும் ஒன்று. எப்போதிருந்து பெற்றார் என்பதில் வேறு. 'பெற்றவர்' என்னும் இறந்தகாலம் அதை உரைப்பதில்லை. கிரேக்க மூலமும் உரைப்பதில்லை. கருவான கணத்திலிருந்தே என்கிறது கத்தோலிக்க மரபு. வேதம் சொல்லாத இடத்தில் நாம் சொல்லலாகாது என்கிறது சீர்திருத்த மரபு. ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் கூடி 2005-இல் வெளியிட்ட சியாட்டில் அறிக்கை, கிறிஸ்துவின் மீட்பு மரியாளை அவர் வாழ்வின் தொடக்கம் வரை சென்று தொட்டது என்பது வேதத்துக்கு முரணன்று என ஒப்புக்கொண்டது. அதைக் கட்டாயமாக்குவதைப் பற்றிய கேள்வியை அது தீர்க்கவில்லை.

இரு பக்கத்திலும் காக்கப்படுவது உயர்ந்த ஒன்றுதான். நம்மில் ஒருவராகத் தடுமாறி, அருளால் நிமிர்ந்த ஒரு பெண்ணே தமக்கு ஆறுதல் என்கின்றனர் சிலர். அருள் குற்றத்துக்குப் பின்னாலேயே ஓடிவர வேண்டும் என்பதில்லை, முந்தியும் வரும் என்பதற்கு ஒரு சான்றாவது வேண்டும் என்கின்றனர் சிலர்.

திருமணத்தைப் பொறுத்தவரை, கத்தோலிக்கத் திருச்சபை தென்னிந்தியத் திருச்சபையின் ஞானஸ்நானத்தைச் செல்லுபடியானதாகவே கொள்கிறது. 1983-இன் திருச்சபைச் சட்டம் ஆயரின் அனுமதியோடு கலப்பு மணத்துக்கு வழி விடுகிறது. ஆகவே சட்டம் அடைக்காத கதவைச் சொற்கள் அடைக்க வேண்டியதில்லை. "அவரும் நம்மைப் போல ஒரு மனுஷிதானே?" என்னும் கேள்விக்குக் கத்தோலிக்கர் தயக்கமின்றி "ஆம்" என்று தொடங்கலாம், அவர்களுடைய கோட்பாடும் அதையே சொல்கிறது. "மாதாவை மதிப்பீர்களா?" என்னும் கேள்விக்குச் சீர்திருத்தச் சபையாரும் "ஆம்" என்று தொடங்கலாம், எல்லாத் தலைமுறையும் தம்மைப் பேறுபெற்றவர் என்னும் என்று மரியாள் பாடியது அவர்களுடைய வேதாகமத்திலும் இருக்கிறது. அந்த இரண்டு 'ஆம்'களுக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம்.